பொனட்டைத் திறந்தால் இஞ்சின் இல்லை

எங்கள் குழுவில் ஒருவனுடைய பெரியப்பாவை நாங்கள் எல்லோருமே பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டு மாமரத்துக்குக் கீழே 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ40 சொமர்செற் ஒன்று நிற்கிறது. அந்தக் காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ரோட்டால் ஒரு பழைய ஒஸ்ரின் போனால் விறாந்தையில் இருந்தபடியே, "மூண்டாவது பிளக் வேலை செய்யேல்ல" என்பார். பல தடவை அது சரியாக இருந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம்.

போன வருஷம் கொழும்பில் இருந்த அவருடைய உறவினர் ஒருவர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போனார். கராச்சில் பல வருஷமாக நின்ற 1959ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் பீற்றில் ஒன்றை, "விக்க மனமில்லை, நீங்கள் வைச்சிருங்கோ" என்று லொறியில் ஏற்றிப் பெரியப்பாவுக்கு அனுப்பிவிட்டார். லொறி வந்து நின்றபோது நாங்களும் படலையடியில் நின்றோம். பெரியப்பா காரை ஒருமுறை சுற்றி வந்தார். நேரே முன்பக்கம் போய் பொனட்டைத் திறந்தார். உள்ளே ஒரு ஸ்பெயார் வீலும் பெற்றோல் ராங்கும்தான் இருந்தன.

பீற்றிலுக்கு இஞ்சின் பின்னால்தான் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாமலா? தெரியும். ஆனால் ஐம்பது வருஷமாக முன்பக்கம் போய்ப் பழகிய கை அவரைக் கேட்காமலே போய்விட்டது. அவர் தன் கையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "உது வேற பள்ளிக்கூடம் பிள்ளையள். நான் முதலாம் வகுப்பில இருந்து துவங்கோணும்" என்றார்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நாங்கள் அந்த மாமரத்தடிக்குப் போய்வந்தோம். அங்கே நாங்கள் படித்ததில் பாதி காரைப் பற்றியது. மற்றப் பாதி, நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் தெரியாத ஒன்றுக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்பது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பாதிக்காகத்தான். எங்கள் வயதுக்காரருக்கு அது நன்றாக வருகிறது என்று எங்களால் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது.

முதலில் ஒஸ்ரினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸும் இவ்வளவு காலம் ஓடியதற்குக் காரணம் அழகோ ஆசையோ மட்டும் இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கிடையாது, பற்றரி கிடையாது. அந்த நேரத்தில் வீதியில் ஓடியவை இந்தப் பழைய கார்கள்தான், அதுவும் மண்ணெண்ணெயில். இது கேட்கக் கதை மாதிரி இருக்கும், ஆனால் காரணம் சாதாரணமானது. அந்தக் கால இஞ்சின்களில் எரிபொருள் கலவையை அமுக்கும் அளவு குறைவு. ஆகவே தரம் குறைந்த எரிபொருளைக் கொடுத்தாலும் பெரிய இடியில்லாமல் எரியும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால் முதலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பற்றரி இல்லாவிட்டால் முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றலாம். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும் என்பதால் ஒயிலை அடிக்கடி பார்க்க வேண்டும். இதையெல்லாம் எந்தக் கம்பனிக் கையேடும் சொல்லித் தரவில்லை. தேவைதான் படிப்பித்தது. பெரியப்பா அந்தச் சொமர்செற்றில் பிள்ளைப்பெறுக்கு எத்தனை பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என்று அவரே கணக்கு வைத்திருக்கவில்லை.

ஆகவே அவருக்கு ஒஸ்ரின் தெரியும் என்றால் பொழுதுபோக்காகத் தெரியும் என்று அர்த்தமில்லை. உயிர் தங்கியிருந்த அறிவு அது. அப்படிப்பட்ட அறிவை ஒரு பக்கம் வைத்துவிட்டு "எனக்கு இது தெரியாது" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

காகிதத்தில் பார்த்தால் இரண்டு காருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சொமர்செற்றின் இஞ்சின் 1200 சீசீ, பீற்றிலுடையது 1192 சீசீ. இரண்டுக்கும் நாலு சிலிண்டர், நாலு கியர். ஆனால் திறந்து பார்த்தால் ஒன்றில் சரியானது மற்றதில் பிழை. சொமர்செற்றில் பற்றரியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடிக்குப் போகும். அந்தக் கால ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் அப்படித்தான். பீற்றிலில் நெகற்றிவ் பொடிக்குப் போகும். சொமர்செற் 12 வோல்ற், இந்தப் பீற்றில் 6 வோல்ற். பற்றரி இருக்கும் இடம் பின் சீற்றுக்குக் கீழே. பெரியப்பா புதுப் பற்றரியைப் பூட்டக் குனிந்தபோது வயரைப் பழைய பழக்கத்தில் மாறிப் பிடித்தார். பிடித்த கையை அப்படியே நிறுத்தி, "பிள்ளை, அந்தப் புத்தகத்தை ஒருக்கா வாசி" என்றார். அந்த நிறுத்தம் எங்களுக்கு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெல்ற் கதையும் அப்படித்தான். ஒஸ்ரினில் பெல்ற் தளர்ந்தால் டைனமோவின் போல்ற்றைத் தளர்த்தி, அதை வெளியே இழுத்துப் பிடித்து இறுக்குவார்கள். பீற்றிலில் இழுப்பதற்கு எதுவும் இல்லை. டைனமோவின் புளி இரண்டு பாதியாக இருக்கும். நடுவில் மெல்லிய வாசர்கள் கிடக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் பாதிகள் நெருங்கும், பெல்ற் மேலே ஏறி இறுகும். எடுத்த வாசரை எறியக்கூடாது, வெளிப்பக்கம் நட்டுக்குக் கீழே போட்டு வைக்க வேண்டும். அரை மணித்தியாலம் போல்ற் தேடிய பிறகுதான் இதைக் கண்டுபிடித்தோம். பெரியப்பாவுக்கு அன்று பிள்ளைத்தனமான சந்தோஷம். "இதை யோசிச்சவன் கெட்டிக்காரன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இந்தக் காரில் அந்தப் பெல்ற் பெரிய விஷயம். பீற்றிலுக்கு ரேடியேற்றர் இல்லை, தண்ணீர் இல்லை. டைனமோவின் தண்டிலேயே இருக்கும் விசிறி காற்றை அடித்துத்தான் இஞ்சினைக் குளிர்விக்கும். ஒஸ்ரினில் பெல்ற் அறுந்தால் நின்று நின்று, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி எப்படியோ வீடு வந்து சேரலாம். பீற்றிலில் சிவப்பு லைற் எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். "சமாளிச்சுக் கொண்டுபோவம்" என்று ஓடினால் இஞ்சின் போய்விடும். பெரியப்பாவின் வாழ்க்கை முழுதும் சமாளித்துக் கொண்டுபோனதுதான். சமாளிக்கவே கூடாத ஒரு கார் அவருக்குப் புதிது.

சிரிப்பான சங்கதிகளும் நடந்தன. ஸ்ரியரிங்குக்குப் பக்கத்தில் கியர் மாற்றிப் பழகியவர், பீற்றிலின் தரைக் கியரில் ரிவேர்ஸைத் தேடிக் களைத்துப் போனார். கியர்த் தண்டைக் கீழே அமுக்கி, இடப்பக்கம் தள்ளிப் பின்னுக்கு இழுக்க வேண்டும் என்று தெரியும்வரை நாங்கள்தான் ரிவேர்ஸ் கியர், இறங்கித் தள்ளினோம். முதல் நாள் வெளியே ஓடியபோது கொக்குவில் தாண்டியதும் இஞ்சின் விக்கியது. பெரியப்பா காபுரேற்றர் என்று நினைத்து இறங்கப் போனார். இந்தக் காருக்குப் பெற்றோல் மீற்றர் கிடையாது. பெற்றோல் முடியும் தறுவாயில் காலடியில் இருக்கும் ஒரு தண்டைத் திருப்பினால் ராங்கில் ஒதுக்கியிருக்கும் சுமார் 5 லீற்றர் வரும். முதல் நாள் இரவு அந்தப் பக்கத்தைப் படித்திருந்த எங்களில் ஒருத்தி குனிந்து அதைத் திருப்பிவிட்டாள். கார் ஓடியது. ஊருக்கே கார் படிப்பித்த மனுசன் அவளைப் பார்த்து, "சரி ரீச்சர்" என்றார்.

எல்லாமே இப்படிச் சிரிப்பாக முடியவில்லை. ஒரு நாள் பிளக்குகளைக் கழற்றித் துப்பரவாக்கிப் பூட்டினார். பீற்றிலில் மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்குக் கை நேராகப் போகாது, குருட்டாம்போக்கில்தான் பூட்ட வேண்டும். ஒஸ்ரினின் சிலிண்டர் ஹெட் வார்ப்பிரும்பு, கொஞ்சம் கூட இறுக்கினாலும் தாங்கும். பீற்றிலுடையது அலுமினியம். பிளக் சாய்ந்து ஏறியது. பெரியப்பா பழைய பலத்தைக் கொடுத்தார். புரி போய்விட்டது.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். எங்களைப் பார்க்கவில்லை. "நீங்கள் போங்கோ" என்று மட்டும் சொன்னார். மூன்று நாள் மாமரத்தடிக்கு அவர் வரவேயில்லை என்று பெரியம்மா சொன்னா. நாலாம் நாள் அவரே போன் எடுத்தார். "அது என்ர பிழை. காரில பிழையில்லை. இரும்புக்குப் போட்ட கணக்கை அலுமினியத்துக்குப் போட்டிட்டன். வாங்கோ, இஞ்சினை இறக்குவம்."

பீற்றிலின் இஞ்சினை கியர்பொக்ஸோடு பிடித்திருப்பது நாலே இடத்தில்தான். அந்த நாலையும், பெற்றோல் குழாயையும், சில கேபிள்களையும் கழற்றினால் இஞ்சின் ஜக்கில் இறங்கி வந்துவிடும். அன்று எங்கள் கைகள்தான் வேலை செய்தன. பெரியப்பா கதிரையில் இருந்து சொன்னார். ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் உருக்குப் புரி ஒன்று வைத்துக்கொண்டு வந்தோம். செலவும் அலைச்சலும் இருந்தது. ஆனால் அந்த ஒரு வசனம், வயதில் மூத்த ஒரு ஆம்பிளை எங்கள் முன்னால் "அது என்ர பிழை" என்று சொன்ன வசனம், எங்களில் பலர் வீட்டில் ஒருநாளும் கேட்காதது.

இந்த ஐந்து மாதத்தில் அவருக்குக் கை கொடுத்த இன்னொருவர் கொழும்பில் பீற்றில் மட்டுமே பார்க்கும் ஒரு சிங்கள பாஸ். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. போனில் பாதி சிங்களம், பாதி தமிழ், நடுவில் காரின் பாகங்களுக்கான ஆங்கிலப் பெயர்கள். போனை இஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி அவர் அங்கேயிருந்து காது கொடுப்பார். ஒருமுறை பெரியப்பா "ரப்பெற் சத்தம் கனக்க வருது" என்றதற்கு, அது பிழையல்ல, காற்றில் குளிரும் இஞ்சின் அப்படித்தான் தையல் மெசின் மாதிரிச் சத்தம் போடும், தண்ணீர் இல்லாததால் சத்தத்தை அமுக்க ஒன்றுமில்லை என்று அவர் விளங்கப்படுத்தினார். வால்வ் இடைவெளியை இஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தந்ததும் அவர்தான். பெரியப்பா சூட்டோடு பார்த்துப் பழகியவர்.

நாங்கள் செய்தது என்ன? ஆங்கிலக் கையேட்டைப் போனில் இறக்கி, வாசித்து, தமிழில் சொன்னோம். ஆரம்பத்தில் எங்களுக்குள்ளே ஒரு மிதப்பு இருந்தது. "எல்லாம் இதுக்குள்ள இருக்கு பெரியப்பா" என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. ஆனால் கையேடு "சரியான அளவு இறுக்கவும்" என்று சொல்லும்போது அந்த அளவு எங்கள் கைக்குத் தெரியாது. சத்தம் பற்றி எழுதியிருக்கும், எங்கள் காதுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றுதான். அவருக்குக் காதும் கையும் இருந்தன, இந்தக் காரின் பாஷை இல்லை. எங்களுக்கு வாசிக்கத் தெரியும், ஒரு நட்டைக் கழற்றத் தெரியாது. பீற்றில் ஓடியது நாங்கள் ஒரே பாயில் இருந்தபடியால்தான்.

காரை அறிவதென்றால் அதன் கதையையும் அறிய வேண்டும் என்று பிறகு எங்களுக்குப் பட்டது. பீற்றிலை வடிவமைத்தவர் பேர்டினண்ட் போர்ஷ. செய்யச் சொன்னது ஹிட்லரின் அரசு. போர்க்காலத்தில் அந்த ஆலையில் கட்டாய உழைப்பாளர்களை வேலை வாங்கினார்கள். போர் முடிந்ததும் ஆலை பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. மேஜர் ஐவன் ஹேர்ஸ்ற் என்பவர் அங்கே கார் உற்பத்தியை மறுபடி ஓடவைத்தார். அப்போது பிரித்தானியக் கார் நிறுவனங்களுக்கு இந்தக் காரில் நம்பிக்கை வரவில்லை. கார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற கணக்கு அவர்களிடமும் இருந்தது. அந்தப் பீற்றில்தான் 1972இல் போர்ட் மொடல் ரீயின் உற்பத்திச் சாதனையை முந்தியது. 2003இல் மெக்சிக்கோவில் கடைசிக் கார் வெளிவந்தபோது மொத்தம் 2 கோடியே 15 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. கட்டாய உழைப்புக் கதையைக் கேட்ட பெரியப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு, "வண்டியைக் குறை சொல்லேலாது, ஆனா தெரிஞ்சுகொண்டு ஓட்டோணும்" என்றார்.

எங்களுக்குக் கிட்ட இருந்த கதையும் ஒன்று உண்டு. சொமர்செற்றின் இலக்கத்தகட்டில் ஆங்கில எழுத்துகள். பீற்றிலில் சிங்கள 'ஸ்ரீ'. 1957இல் அந்த எழுத்து தகடுகளில் வந்ததும், தமிழ்ப் பகுதிகளில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடந்ததும் நாங்கள் பாடத்தில் ஒரு வரியாகப் படித்தது. பெரியப்பா அப்போது சின்னப் பெடியன். தகட்டைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னார். ஒரே மரத்தடியில் நிற்கும் இரண்டு காருக்கு இடையில் ஆறு வருஷம்தான், அதற்குள் நாடு எவ்வளவு மாறியது என்று இரண்டு தகரத்துண்டைப் பார்த்தே தெரிந்துகொண்டோம்.

இனி எங்கள் கருத்துக்கு வருகிறோம். பழைய கார் என்றால் இப்போது எங்களுக்கு என்ன? கலியாணப் படத்துக்குப் பின்னணி. அல்லது ரீல்ஸ். பெரியப்பாவிடம் வாரத்துக்கு ஒருவர் வந்து, "ஐயா, காரோட ஒரு போட்டோ எடுக்கலாமா" என்று கேட்கிறார். பொனட்டைத் திறந்து காட்டச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு விலை கேட்டு வருபவர்களும் கூடினார்கள். படம் எடுப்பதும் வாங்குவதும் குற்றமில்லை. ஆனால் அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓடவைத்த அறிவு படத்தில் விழாது, விற்பனைப் பத்திரத்திலும் வராது. அது ஒரு சிலருடைய காதிலும் கையிலும் இருக்கிறது. அவர்கள் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள்.

இதற்கு மறுப்புச் சொல்பவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு. பழைய கார் புகை கக்கும், சீற் பெல்ற் இல்லை, விபத்து என்றால் பாதுகாப்பு இல்லை, 2022இல் கியூஆர் கோட்டோடு பெற்றோலுக்கு அலைந்த நாட்டில் இது வசதியுள்ளவர்களின் விளையாட்டு என்கிறார்கள். இதில் எதையும் நாங்கள் மறுக்கவில்லை. எல்லோரும் பழைய கார் வாங்குங்கோ என்று நாங்கள் சொல்லவரவில்லை. எங்களில் ஒருவரிடமும் கார் இல்லை, வாங்கும் வசதியும் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளும் அந்த முறையைத்தான் சொல்கிறோம். அது காருக்கு மட்டுமில்லை, தறிக்கும் பொருந்தும், வள்ளத்துக்கும் பொருந்தும், நாங்கள் பழகாத மனிதர்களுக்கும் பொருந்தும்.

பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். "எங்கட காலத்தில" என்று தொடங்கி முடிவது அறிவில்லை. பெரியப்பா ஒஸ்ரினே உலகம் என்று பீற்றிலைத் தார்ப்பாயால் மூடி வைத்திருக்கலாம். ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பதிலாக, தன் பேரப்பிள்ளை வயதில் இருப்பவர்களிடம் "வாசி" என்று கேட்டார். அவருக்கு மரியாதை குறைந்ததா? எங்களைக் கேட்டால், அந்த நாளில் இருந்துதான் நாங்கள் அவர் சொல்வதை உண்மையிலேயே கேட்கத் தொடங்கினோம். அதற்கு முதல் மரியாதைக்காகத் தலையாட்டினோம்.

எங்கள் வயதுக்காரருக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு பழைய கராச் இருக்கும், ஒரு லேத் பட்டறை இருக்கும், தண்ணிப்பம்பு திருத்துகிற ஒரு அப்பு இருப்பார். போய் நில்லுங்கள். போனை எடுத்தால் பெயின்ற்றைப் படம் எடுக்காமல் அவருடைய கையை எடுங்கள். ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேளுங்கள். முதல் நாள் திட்டு விழும். இரண்டாம் நாள் ஸ்பானர் எடுத்துத் தரச் சொல்லுவார்.

நாங்கள் ஒரு சீஆர் கொப்பி வாங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறோம். இடப்பக்கத்தில் ஒஸ்ரின், வலப்பக்கத்தில் பீற்றில். முதல் வரி பற்றரி, எந்த வயர் பொடிக்குப் போக வேண்டும் என்பது. மூன்றாவது பிளக்கின் கதையையும் எழுதச் சொன்னார். எழுதி வாசித்துக் காட்டினோம். "ஆர் இறுக்கினது எண்டு எழுதேல்லையே?" என்று கேட்டார். பெயரையும் போடச் சொல்லி, போட்ட பிறகுதான் அடுத்த பக்கத்துக்கு விட்டார்.